கபினியில யானை படம் எடுக்க எந்த லென்ஸ்?

ஏப்ரல்ல கர்நாடகாவுல இருக்கற கபினி காட்டுக்கு சஃபாரி போறோம், கையில 70-300mm லென்ஸ்தான் இருக்கு, யானைக்கு இது போதுமா இல்ல இன்னும் தூரத்துல இருக்கறத கிட்ட காட்டுற 150-600mm வாடகைக்கு எடுக்கணுமா?

பதில் 1: தாராளமா போதும் ப்ரோ. வெயில் காலத்துல அணை தண்ணி இறங்கி கரையில புது புல்லு முளைக்கும், அதுக்காக யானைங்க கூட்டம் கூட்டமா வரும். நம்ம ஜீப்புக்கு பக்கத்துலயே யானை வந்துட்டா 300mm கூட அதிகம், எனக்கு ஒரு தடவ ஃபிரேம் முழுக்க சேறு காஞ்ச காது மட்டும்தான் வந்துச்சு 😂

பதில் 2: ஃபிளாஷ் வேணவே வேணாம். யானை காத விரிச்சு அப்படியே நின்னு நம்மளயே பாத்துச்சுன்னா கேமராவ இறக்கிடுங்க, டிரைவர் ரிவர்ஸ் எடுக்கட்டும்.

பதில் 3: போற வழியில முதுமலை ரோட்டுல வண்டிய நிறுத்தி எடுக்காதீங்க, ஃபைன் போடுவாங்க.

கேட்டவர்: நன்றிங்க, வாடகை காசு மிச்சம்!