புதுப்பிப்பு: 249 ரூபாய் பம்பரம் வாங்கிவிட்டேன்

போன வாரம் கேட்டிருந்தேனே, 2010-இல் வந்த நோலனின் 'இன்செப்ஷன்' படத்தில் டிகாப்ரியோ சுற்றிவிடும் பம்பரத்தின் மலிவு நகலை வாங்கலாமா என்று? பாதிப் பேர் வேண்டாம் என்றீர்கள். கேட்கவில்லை, வாங்கிவிட்டேன்.

'அசல் பித்தளை' என்று போட்டிருந்தார்கள். காந்தம் ஒட்டவில்லை, சரி என்று நம்பினேன். துத்தநாகக் கலவையிலும் காந்தம் ஒட்டாது என்பது எனக்கு உறைக்கவில்லை. கிருஷ்ணகிரியில் லேத் பட்டறை வைத்திருக்கும் மாமாவிடம் காட்டினேன். அடிப்பக்கம் அரத்தால் ஒரே இழுப்பு. பொன்னிறம் போய் உள்ளே சாம்பல் தெரிந்தது. "முலாம்டா மாப்ள!"

சுற்றினால் 20 வினாடிகூட நிற்கவில்லை, தள்ளாடி விழுந்தது. எடையின் மையம் அச்சில் இல்லாவிட்டால் அப்படித்தானாம். மாமா லேத்தில் பிடித்து விளிம்பை முடியளவு சீவிக் கொடுத்தார். அப்புறம் கவிழ்த்த எவர்சில்வர் தட்டில் ஒன்றேகால் நிமிடம் நின்றது. விளிம்பில் முலாம் போனதுதான் மிச்சம்.

அலமாரியில் வைக்க மட்டும் என்றால் வாங்கலாம். சுற்றுவதற்கு என்றால் பித்தளைக் கம்பி வாங்கிக் கடையச் சொல்லுங்கள், செலவு கூடினாலும் பரவாயில்லை.

பட்டறைப் பையன் மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்: "சாட்டை எங்கண்ணா?"