மென்டரிடம் ரெஸ்யூமேயை நீட்டாதீர்கள் (டொராண்டோ வந்திருக்கும் சிவில் இன்ஜினியர்களுக்கு)

டொராண்டோ வந்து நாலு மாதம் ஆகிறது, லிங்க்ட்இனில் நூறு பேருக்கு எழுதியும் ஒருத்தர்கூட பதில் போடவில்லை என்று கேட்டிருந்த தம்பிக்கு இது. நீங்கள் அனுப்பிய செய்தியையும் படித்தேன். மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு ஆறு வருட அனுபவம், தங்கள் நிறுவனத்தில் ஏதாவது வாய்ப்பு இருந்தால்... இதற்கு யார்தான் என்ன பதில் எழுதுவார்? முகம் தெரியாதவரிடம் எடுத்த எடுப்பில் வேலை கேட்டால் பேசாமல் நழுவத்தான் செய்வார். 2016இல் சென்னையிலிருந்து வந்தபோது நானும் இதையேதான் செய்தேன், அதனால் உங்களைத் திட்ட எனக்கு உரிமை உண்டு.

எனக்கு வாய்த்த முதல் மென்டர், அதாவது "வழிகாட்டி", மூன்று மாதம் சம்பளமில்லாமல் வந்து டிராயிங் போட்டுக் கொடு, கனடா அனுபவம் என்று லெட்டர் தருகிறேன் என்றார். போனேன். லெட்டர் இன்றுவரை வரவில்லை. அப்போது ஒன்டாரியோவில் பீ.எங். (இன்ஜினியராகத் தொழில் செய்வதற்கான) உரிமத்துக்குக் கேட்கும் 48 மாத அனுபவத்தில் 12 மாதம் கனடாவில் செய்ததாக இருக்க வேண்டும், அந்தப் பயத்தை வைத்துத்தான் இப்படி வேலை வாங்கினார்கள். 2023 மே மாதம், உரிமம் கொடுக்கும் அமைப்பான பி.இ.ஓ. அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஆகவே இன்று யாராவது உங்களிடம் அதே கதையைச் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இரண்டாவது ஆள் ஸ்கார்பரோவில் ஒரு பிறந்தநாள் வீட்டில் கிடைத்தார். யாழ்ப்பாணத்து அண்ணை, முப்பது வருடமாக ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், கட்டடம் சுமையைத் தாங்குமா என்று கணக்குப் போடுபவர். நான் வழக்கம்போல ரெஸ்யூமேயை எடுக்க, "தம்பி, உமக்கு வேலை எடுத்துத் தர என்னால ஏலாது. நீர் கீறின டிராயிங் ஒண்டைக் கொண்டு வாரும், பாப்பம்" என்றார். அடுத்த சனிக்கிழமை ஒரு சின்ன வீட்டுக்கு நானே போட்ட டிசைனோடு போனேன். கான்கிரீட் கணக்கையெல்லாம் இந்திய விதிநூலான ஐ.எஸ். 456இலிருந்து கனடாவின் சி.எஸ்.ஏ. ஏ23.3க்கு மாற்றிவிட்ட பெருமை வேறு. அவர் கணக்கைப் பார்க்கவே இல்லை, ஃபுட்டிங்கில் (அஸ்திவாரத்தின் அடிப்பகுதியில்) விரலை வைத்து, "இது எவ்வளவு ஆழம்?" என்றார். 900 மில்லிமீட்டர் என்றேன். டொராண்டோவில் மண் உறையும் ஆழத்துக்கு 1.2 மீட்டர் என்று எடுப்பார்கள். அதற்கு மேலே நிறுத்தினால் மண்ணிலுள்ள ஈரம் பனிக்காலத்தில் உறைந்து உப்பி ஃபுட்டிங்கையே தூக்கிவிடும். நம்மூரில் எந்த சைட்டில் இதை யோசித்திருப்போம்? விதிநூலைப் படிக்கும்போது அந்த வரி என் கண்ணிலும் பட்டிருக்கும், ஆனால் மனதில் தைத்தது அன்றுதான். இரண்டு மாதம் கழித்து ஒரு நேர்காணலில் இதே கேள்வி வந்தது.

அதனால் எழுதும்போது பத்து நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியோடு எழுதுங்கள். "கூரையில் பனி ஒரு பக்கமாகக் குவியும் சுமையை இப்படி எடுத்திருக்கிறேன், சரியா?" என்று கேட்டால் இந்தத் தொழிலில் இருப்பவருக்குப் பதில் எழுதாமல் இருக்கக் கை வராது. சொன்னதைச் செய்துவிட்டு, செய்தேன் என்று இரண்டு வரி போடுங்கள், நம்மவர்கள் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது அங்கேதான். அப்புறம், இங்கே பிறந்து வளர்ந்த ஒருவரையும் பிடியுங்கள். மீட்டிங்கில் மேலதிகாரி தப்பாகச் சொல்லும்போது எப்படி மறுத்துப் பேசுவது என்பதை அண்ணை எனக்குச் சொல்லித் தரவில்லை, அவரே அந்த இடத்தில் வாயைத் திறக்க மாட்டார்! அதை அலுவலகத்தில் பக்கத்து மேசைப் பெண்ணிடம்தான் கற்றேன், என்னைவிட எட்டு வயது சின்னவள்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பி.இ.ஓ.வுக்கு உங்கள் அனுபவத்தை உறுதிப்படுத்துபவர், நீங்கள் அந்த வேலையைச் செய்ததை நேரில் அறிந்தவராக இருக்க வேண்டும். மென்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உங்கள் சென்னை வேலைக்கு அவர் சாட்சி ஆக முடியாது. பழைய மேலதிகாரியிடம் பேச்சு வார்த்தை அறுந்து போவதற்குள் போன் போட்டு விடுங்கள். உரிமம் வரும்வரை லிங்க்ட்இனில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் என்று போட்டிருப்பதையும் இன்றைக்கே மாற்றுங்கள், இங்கே அது சட்டச் சிக்கல்.

எனக்கும் எழுதலாம். டிராயிங்கோடு எழுதுங்கள், சார் வேண்டாம், அண்ணா போதும்.