இந்த வருஷத்துப் பாட்டு எது? எங்கள் வீட்டுக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

28 டிசம்பர் 2025

நான்: எல்லோருக்கும் காலை வணக்கம். பொங்கலுக்கு வேனில் போகும்போது போடுவதற்குப் பாட்டுப் பட்டியல் தயார் செய்கிறேன். இந்த வருஷம் வந்த பாட்டு, ஆல்பம், நேரில் கேட்ட கச்சேரி, எது உங்கள் மனதில் நின்றதோ அதைச் சொல்லுங்கள். ஒரே நிபந்தனை, முழுப் பாட்டையும் கேட்டிருக்க வேண்டும். ரீல்ஸில் ஓடும் துண்டு செல்லாது.

சின்னு: ஊரும் பிளட்!!! டியூட் படப் பாட்டு, வேறு பேச்சே இல்லை அக்கா

மாமா: பாட்டைச் சொன்னால் போதாது சின்னு, ஏன் பிடித்தது என்றும் சொல்லு.

சின்னு: மாமா, சாய் அபயங்கர் 2024 ஜனவரியில் 'கட்சி சேர' போட்டபோது அவர் கையில் ஒரு படம் கூட வெளிவரவில்லை. தனிப்பாட்டுதான். அப்புறம் 'ஆச கூட', 'சித்திர புத்திரி'. எங்கள் ஹாஸ்டலில் இதெல்லாம் மனப்பாடம். இந்த அக்டோபரில் 'டியூட்' வந்ததும் அவருக்குத் தமிழில் ஒரு படம் வந்துவிட்டது. படம் வந்து பாட்டு ஹிட் ஆவதைத்தான் நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள், இவர் பாட்டை வைத்துப் படத்துக்குள் வந்தவர். அதோடு ஊரும் பிளட்டில் தீப்தி சுரேஷ் குரல் வருகிற இடம் இருக்கிறதே, அதை இயர்போனில் கேட்டுப் பாருங்கள், ஸ்பீக்கரில் வேண்டாம்.

அத்தை: திப்பு ஹரிணி பிள்ளைதானே அவன்? ஹரிணி 'நிலா காய்கிறது' பாடியபோது அவளே பள்ளிக்கூட வயசு. பிள்ளை இப்போது இசையமைப்பாளர். நல்லா இருக்கட்டும்.

அத்தை: என் பாட்டும் அந்த டியூட் படத்தில்தான் இருக்கிறது. 'கருத்த மச்சான்'.

சின்னு: அத்தை அது 'புது நெல்லு புது நாத்து'! 1991!!

அத்தை: இருக்கட்டுமே. 1991-ல் கேட்டபோது உங்கள் மாமா என்னைப் பெண் பார்க்கக்கூட வரவில்லை. இந்த வருஷம்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அதைப் பாடுகிறார்கள், எட்டாவது படிக்கிற பையன் வந்து 'ஆன்ட்டி இந்தப் பாட்டு முழுசா தெரியுமா' என்று கேட்கிறான். நான் முழுப் பாட்டையும் பாடிக் காட்டினேன். எனக்கு அது இந்த வருஷத்துப் பாட்டுதான்.

மாமா: இதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். இசைக்குழுவில் கீபோர்டு வாசிக்கிறவனாகச் சொல்கிறேன். ஏப்ரலில் 'குட் பேட் அக்லி' வந்தது, அதில் 'ஒத்த ரூபாயும் தாரேன்', 'இளமை இதோ இதோ', 'என் ஜோடி மஞ்சக் குருவி' மூன்றும் இளையராஜா சார் பாட்டு. அவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார், தடை உத்தரவும் வந்தது. டியூட்டிலும் அதே பிரச்சினை, அது பேசித் தீர்ந்தது. மேடையில் அந்தப் பாட்டுகளை எடுத்தால் கூட்டம் எழுந்து ஆடுகிறது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் உருவாக்கியவரைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும், அது முதல் விஷயம். இரண்டாவது, படத்தில் கதாநாயகன் அடித்து நொறுக்குகிற, தியேட்டர் அதிர வேண்டிய இடம் வந்தால் இயக்குநர்கள் நாற்பது வருஷத்துக்கு முந்தைய பாட்டை எடுத்து வைத்துவிடுகிறார்கள். அந்த இடம் அந்தப் படத்தின் இசையமைப்பாளருக்குக் கிடைக்க வேண்டிய இடம். அதை அவனிடமிருந்து எடுத்துவிட்டால், 2060-ல் எடுத்துப் போட 2025-ன் பாட்டு எங்கிருந்து வரும்?

சின்னு: மாமா 🔥🔥

அத்தை: இவ்வளவு பேசுகிறவர் காலையில் கேட்டால் 'ம்' என்பார். சரி, உங்கள் பாட்டு எது, அதைச் சொல்லுங்கள்.

மாமா: 'கனிமா'. ரெட்ரோ, சந்தோஷ் நாராயணன், வரிகள் விவேக். இந்த வருஷம் நாங்கள் வாசித்த கல்யாணங்களில் கனிமா கேட்காத வீடு இல்லை. படத்தில் அது கல்யாண மண்டபத்தில் நடக்கிறது, கிட்டத்தட்ட 15 நிமிஷம் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுத்தார்கள், பாட்டும் ஆட்டமும் சண்டையும் ஒன்றாகப் போகும். மண்டபத்தில் வாசிப்பதற்கு எளிதான பாட்டு மாதிரி தெரியும், ஆனால் அந்த ஓட்டம் குறையாமல் கடைசி வரை கொண்டுபோக டிரம்ஸ்காரருக்கு நல்ல கை வேண்டும்.

சித்தி: நான் சமையலை முடித்துவிட்டு வந்தேன். 'பைசன்' பாட்டை யாருமே சொல்லவில்லையா? எனக்கு அந்த ஆல்பம் முழுவதும் பிடிக்கும். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கதை, மணத்தி கணேசன் கபடி ஆடியதை எங்கள் அப்பா அவ்வளவு சொல்லுவார். நிவாஸ் கே. பிரசன்னாவின் 'தெகிடி' பாட்டுகளை நான் கல்யாணத்துக்கு முன்னால் கேட்டுக்கொண்டே இருந்தேன், 2014. அதற்குப் பிறகு அவர் பெயரைப் பெரிதாக யாரும் சொல்லவில்லை என்று எனக்கு வருத்தம். 'தீக்கொளுத்தி' கேட்டதும் அந்த வருத்தம் போய்விட்டது. மாரி செல்வராஜே எழுதிய வரிகள். அதில் காதலும் இருக்கிறது, ஊரின் புழுதியும் இருக்கிறது. அப்புறம் 'றெக்க றெக்க', வேடனும் அறிவும் சேர்ந்து. வேடன் கேரளத்துப் பையன், அம்மா ஈழத்தமிழர். அவன் தமிழில் பாடும்போது அந்த உச்சரிப்பில் ஏதோ ஒன்று என்னைப் பிடித்து நிறுத்துகிறது, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நான்: சித்தி, இரண்டையும் சேர்த்துவிட்டேன்.

லண்டன் அண்ணன்: இங்கே இப்போதுதான் விடிகிறது, எழுந்து பார்த்தால் இவ்வளவு மெசேஜ். என் பதில் உங்கள் எல்லோருக்கும் தெரியும். மார்ச் 8, ஹாமர்ஸ்மித், அப்பல்லோ.

பெரியப்பா: அதைச் சொல்லுப்பா. போனில் பாதிதான் சொன்னாய்.

லண்டன் அண்ணன்: அப்பா, ராயல் ஃபில்ஹார்மானிக் கான்சர்ட் ஆர்க்கெஸ்ட்ரா மேடையில் உட்கார்ந்திருக்கிறது, கீழே நம் ஆட்கள் வேட்டி, பட்டுப் புடவை, கைக்குழந்தையோடு கூட வந்திருந்தார்கள். 81 வயது இளையராஜாவின் மேடையேறிய முதல் சிம்பொனி, 'வேலியன்ட்'. பாட்டு இல்லை, வரி இல்லை, கதாநாயகன் இல்லை. எங்கேயாவது நமக்குத் தெரிந்த மெட்டு வந்துவிடுமா என்று முதலில் தேடிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் தேடுவதை விட்டுவிட்டேன். அவர் பின்னணி இசையில் வயலின்கள் ஒரு பக்கம் கேள்வி கேட்க, புல்லாங்குழல் பதில் சொல்லும் இல்லையா, அந்தப் பேச்சு அங்கே படம் எதுவும் குறுக்கே வராமல் போய்க்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெரியவர் நிகழ்ச்சிக் கையேட்டில் எதையோ குறித்துக்கொண்டே கேட்டார், எனக்கு அது பெருமையாக இருந்தது.

பெரியப்பா: உங்கள் தலைமுறைக்கு இது மார்ச் மாதத்துச் செய்தி. எனக்கு இது 1993-ல் தொடங்கியது. ராயல் ஃபில்ஹார்மானிக் அவருடைய சிம்பொனியைப் பதிவு செய்துவிட்டது என்று பேப்பரில் வந்தபோது ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் கூட்டமாகப் படித்தோம். கேசட் வரும் வரும் என்று திருச்சியில் கடை கடையாகக் கேட்டேன். வரவே இல்லை. 2005-ல் திருவாசகம் வந்தது, புடாபெஸ்ட் ஆர்க்கெஸ்ட்ராவோடு, அதைக் கேட்டு அழுதேன், ஆனாலும் அது வேறு. இந்த வருஷம் என் பிள்ளை அந்த அரங்கில் உட்கார்ந்து கேட்டான். 32 வருஷம். ஒலிப்பதிவு இருந்தால் எனக்கு அனுப்பு என்று இவனிடம் எத்தனை தடவை கேட்டிருப்பேன்.

லண்டன் அண்ணன்: அப்பா, நேரில் வந்து கேளுங்கள், போனில் பிடித்ததைக் கேட்காதீர்கள் என்று அவரே சொன்னார். நான் பிடிக்கவும் இல்லை.

பெரியப்பா: நீ செய்தது சரிதான். செப்டம்பர் 13 அன்று நேரு உள்விளையாட்டரங்கில் அரசு எடுத்த விழாவில் அதை வாசித்தார்கள். டிக்கெட் கிடைக்காமல் வீட்டில் இருந்துவிட்டேன். அடுத்த முறை எங்கே வாசித்தாலும் போவேன், மூட்டு வலியைப் பார்க்க மாட்டேன்.

அத்தை: அண்ணே நான் கூட வருகிறேன், தனியாகப் போக வேண்டாம்.

சின்னு: கச்சேரி என்றால் எனக்கு அனிருத்தின் 'ஹுக்கும்'. ஆகஸ்ட் 23, கூவத்தூர். முதலில் ஜூலையில் திருவிடந்தையில் என்று சொல்லி, கூட்டம் தாங்காது என்று இடத்தை மாற்றினார்கள். கூலி வெளியாகி இரண்டு வாரம் கூட ஆகவில்லை. முன்னால் நிற்கிறவர் தலைதான் தெரிந்தது, ஆனால் ஹுக்கும் பாட்டு தொடங்கியதும் அத்தனை பேரும் ஒரே குரலில் பாடினார்கள், என் குரலே எனக்குக் கேட்கவில்லை. பெரியப்பா திட்டாதீர்கள்.

பெரியப்பா: எதற்குத் திட்ட வேண்டும்? நான் திருவையாற்றில் பஞ்சரத்தினம் பாடும்போது கூட்டத்தோடு சேர்ந்து பாடிவிட்டு வருகிறேன். என் குரலும் எனக்குக் கேட்காது.

பெரியப்பா: மார்கழியில் எனக்கு இந்த வருஷம் நிறைவு. ஆர்.கே. ஸ்ரீராம்குமாருக்கு மியூசிக் அகாதமி சங்கீத கலாநிதி கொடுக்கிறது. வயலின்காரர். எத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பாடகருக்கு வழிவிட்டு வாசித்த மனிதர், பாடகர் ஒரு சங்கதியை முடிக்கும் முன்பே அது எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும், ஆனால் முந்திக்கொள்ள மாட்டார். பக்கவாத்தியக்காரர்களுக்கு இந்த நாற்காலி அடிக்கடி கிடைப்பதில்லை. கன்யாகுமாரி அம்மாவுக்கு 2016-ல்தான் கிடைத்தது, அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் வயலின் கலைஞர் அவர். இதையும் உன் பட்டியலில் எழுது.

நான்: எழுதிவிட்டேன் பெரியப்பா. அப்புறம் என் பாட்டு. 'முத்த மழை'. தக் லைஃப், ரஹ்மான் இசை, சிவா ஆனந்த் வரிகள். படம் ஜூன் 5 வந்தது, போன வேகம் தெரியவில்லை. அதைவிடப் பெரிய விஷயம், தியேட்டரில் அந்தப் பாட்டே இல்லை. நான் அந்தப் பாட்டுக்காகவே டிக்கெட் எடுத்தேன், கடைசி வரை காத்திருந்தேன். ஆனால் டிசம்பர் ஆகியும் இன்னும் கேட்கிறேன். அண்ணன் சொன்ன சிம்பொனிக்குப் படம் இல்லை, சின்னுவின் ஆள் படம் இல்லாமல் வந்தவர், அத்தையின் பாட்டு தன் படத்தை விட்டு 34 வருஷம் தாண்டி வந்தது. இந்த வருஷம் நாம் கொண்டாடியவற்றில் பாதிக்கு மேல் படத்தை நம்பி நிற்கவே இல்லை, எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது.

சித்தி: எந்த முத்த மழை? தீ பாடியதா, சின்மயி பாடியதா?

சின்னு: ஐயோ சித்தி ஆரம்பிக்காதீர்கள்

மாமா: ஆரம்பிக்கட்டும். மே மாதம் பாடல் வெளியீட்டு விழாவில் தீ வர முடியவில்லை, தெலுங்கிலும் இந்தியிலும் பாடியிருந்த சின்மயி தமிழில் மேடையில் பாடினார். அன்றிரவே ஊரே இரண்டு கட்சி.

சித்தி: நான் சின்மயி கட்சி. 2018-ல் மீ டூ புகார் சொன்ன பிறகு தமிழில் அந்தக் குரலைக் கேட்பதே குறைந்துபோனது. மேடையில் நின்று, திருத்த வழியில்லாத நேரத்தில், அந்தக் குரல் அப்படி மேலே போய் இறங்கியதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தப் பெண்ணுக்கு நாம் எவ்வளவு பாட்டுகளைக் கொடுக்காமல் விட்டுவிட்டோம் என்று தோன்றியது.

சின்னு: நான் தீ கட்சி. அந்தக் குரலில் ஒரு களைப்பு இருக்கிறது சித்தி. ஆசைப்படுகிறவள், ஆனால் அழகாகக் காட்டிக்கொள்ள மெனக்கெடாதவள் மாதிரி. போன வருஷம் 'வாழை'யில் 'தென்கிழக்கு' கேட்டீர்களே, அந்தக் குரல்தான். எல்லாக் குரலும் தேன் மாதிரி இருக்க வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறோம்?

மாமா: இரண்டு பேருமே சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். ரஹ்மான் ஸ்டுடியோவில் தீயின் குரலைச் சுற்றி வாத்தியங்களை அடுக்கியிருக்கிறார், குரல் அந்த அடுக்குக்குள் ஒரு வாத்தியம். மேடையில் சின்மயி பாடும்போது குரல் முன்னால் வந்துவிடுகிறது, மற்றதெல்லாம் பின்னால் போகிறது. ஒரே மெட்டு, இரண்டு பாட்டு.

அத்தை: 'வழித்துணையே'வையும் சேர்த்துக்கொள்ளுமா. டிராகன் படம். சித் ஸ்ரீராம் பாடுவது ஒரு வார்த்தை புரியும் ஒரு வார்த்தை புரியாது, ஆனால் கேட்டுக்கொண்டே தூங்கலாம்.

லண்டன் அண்ணன்: 'டூரிஸ்ட் ஃபேமிலி'யின் 'முகை மழை'யும். ஷான் ரோல்டன். இங்கே என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்து நண்பர் அந்தப் படத்தை வீட்டாரோடு பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் அதைப் பற்றியே பேசினார்.

நான்: இரண்டும் சேர்ந்தாயிற்று.

பெரியப்பா: முத்த மழை இரண்டையும் இப்போதுதான் கேட்டு முடித்தேன், இயர்போன் மாட்டி, சின்னு சொன்னபடி.

சின்னு: பெரியப்பா!!! எந்தக் கட்சி?

பெரியப்பா: சின்மயி பாடியதை முதலில் கேட்டேன், சபாஷ் என்று வாய்விட்டே சொன்னேன். அப்புறம் தீ பாடியது. முதல் தடவை பிடிக்கவில்லை. மூன்றாவது தடவை போட்டபோது நிறுத்த மனம் வரவில்லை. கச்சேரி மேடைக்குச் சின்மயி. தனியாக உட்கார்ந்து கேட்க அந்தச் சின்னப் பெண்.

சித்தி: பெரியவரே, இது நியாயம் இல்லை, ஒரு பக்கம் நில்லுங்கள்.

சின்னு: என் பக்கம்தான் நிற்கிறார் சித்தி, மூன்று தடவை கேட்டிருக்கிறார்!

பெரியப்பா: சித்தி சொன்ன அந்த 'றெக்க றெக்க' லிங்க்கை யாராவது அனுப்புங்கள். வேடன் என்ன சொல்கிறான் என்று கேட்கிறேன்.