ஊர் குதிரைப்பாதைய நாங்களே சரி பண்ணலாம்னு இருக்கோம், எதுல ஆரம்பிக்கிறது?

மலைவாழை:
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு தாண்டிக்குடி பக்கம். ஊர்ல இருந்து ஓடைக்கு இறங்குற பழைய குதிரைப்பாதை ஒண்ணு இருக்கு, காபி மூட்டை, வாழைத்தார் எல்லாம் இன்னமும் அதுலதான் ஏறி வருது. போன ஐப்பசி மழைல நடுவுல முழங்கால் ஆழத்துக்கு அறுத்துட்டு போயிருச்சு, பள்ளிக்கூட பிள்ளைங்க ஓரமா நடந்து நடந்து பக்கத்துல ரெண்டாவது பாதையே விழுந்துருச்சு. பஞ்சாயத்துல கேட்டா ஃபண்டு வரட்டும்ங்கறாங்க. நாங்க பசங்க கொஞ்ச பேரு ஞாயித்துக்கிழமை இறங்கி வேலை பாக்கலாம்னு இருக்கோம். மண்ணு கொட்டி மூடுனா போதுமா, சிமெண்ட் போடணுமா? கீழ்ப்பாதி காட்டுக்குள்ள போகுது, யார்ட்டயாவது கேக்கணுமா?

ரசமட்டம்:
தம்பி மண்ணு மட்டும் கொட்டாதீங்க, அடுத்த மழைக்கு அம்புட்டும் ஓடைல கிடக்கும். கோத்தகிரி பக்கம் நாங்க வருசா வருசம் பாதை பாக்குறோம், முதல் வேலை கடப்பாரை இல்ல, குடை. நல்லா மழை பெய்யறப்ப ரெண்டு பேர் பாதை நெடுக நடங்க, எந்த இடத்துல தண்ணி பாதைக்குள்ள ஏறுது, எந்த இடத்துல வெளிய போகப் பாக்குதுன்னு குச்சி நட்டுட்டே போங்க. பள்ளம் விழுந்த இடத்துல ஒண்ணும் இருக்காது, கோளாறு எப்பவும் அதுக்கு மேல, தண்ணி உள்ள ஏறுற இடத்துலதான்.

அந்த இடத்துல தண்ணியை வெளிய திருப்பி விட குறுக்குக் கல்லு பதிங்க. நேர் குறுக்கா வச்சா மண்ணு தேங்கி மூடிரும், மலை இறங்குற பள்ளத்துப் பக்கம் சாய்வா வைக்கணும், கல்லுல முக்காவாசி மண்ணுக்குள்ள இருக்கணும். பதிச்சதும் மேல ஏறி நின்னு குதிச்சுப் பாருங்க, லேசா ஆடுனாலும் பிடுங்கிட்டு திரும்பப் போடுங்க, ஆடுற கல்லுல குதிரை கால் வச்சா அவ்ளோதான். தண்ணி வெளிய போற வாயை ரெண்டு மண்வெட்டி அகலத்துக்கு வெட்டி விடுங்க.

இன்னொண்ணு, பாதைய சுரண்டுற மண்ணை பள்ளத்து ஓரத்துல வரப்பா குவிக்காதீங்க. பாக்க அழகாத்தான் இருக்கும், ஆனா தண்ணிய வெளிய விடாம பாதையிலயே ஓட வைக்கிறது அந்த வரப்புதான். பாதை பள்ளத்துப் பக்கம் லேசா சாஞ்சிருக்கணும், ரசமட்டம் வச்சா குமிழி கொஞ்சமா மேட்டுப் பக்கம் ஒதுங்கி நிக்கணும், அது போதும். ஏத்தம் பத்தடிக்கு ஒரு அடின்னா மண்ணு நிக்கும். அதுக்கு மேல செங்குத்தா போனா கல்லுப்படி வேணும், ஆனா குதிரை ஏறுற பாதைங்கறதால படி உயரத்தை குறைச்சு அகலத்தை கூட்டுங்க. படி உசரமா இருந்தா மனுசனே ஏற மாட்டான், ஓரமா சுத்திப் போவான், அப்படித்தான் ரெண்டாவது பாதை விழுறது. இப்ப விழுந்திருக்கிற அந்தப் பாதைல முள்ளு வெட்டிப் போட்டு அடைச்சிருங்க. சிமெண்ட் வேணாம், அடியில தண்ணி அரிச்சா பலகை பலகையா பேந்துரும்.

பண்ணைக்காட்டான்:
வேலை முறைய அண்ணன் சொல்லிட்டாரு, நான் பேப்பர் விஷயம் சொல்றேன். முதல்ல விஏஓ கிட்ட எஃப்எம்பி ஸ்கெட்ச் (நில அளவை வரைபடம்) பாருங்க, பாதை புறம்போக்கா, எஸ்டேட் பட்டாவுக்குள்ள போகுதான்னு தெரிஞ்சுரும். பட்டான்னா ஓனர்ட்ட எழுதி வாங்கிக்கோங்க, வாய்ப்பேச்சு நாளைக்கு நிக்காது. கீழ்ப்பாதி ரிசர்வ் காடுன்னா ரேஞ்ச் ஆபீஸ் மூலமா டிஎஃப்ஓவுக்கு (மாவட்ட வன அலுவலர்) மனு போட்டு அனுமதி வாங்காம ஒரு கல்லு கூட புரட்டாதீங்க. 2013ல கொடைக்கானல் சரணாலயம்னு அறிவிச்ச எல்லைக்குள்ள வந்தா இன்னும் கெடுபிடி. காட்டுக்குள்ள ஒரு வாட்டில் (வெளிநாட்டுல இருந்து வந்த சீகை மரம்) கம்பு வெட்டுனாலும் கேஸ்தான், அந்நிய மரம் அழிக்கத்தானே செய்றாங்கன்னு வாதம் எல்லாம் அங்க எடுபடாது. மனு போட்டுட்டு மேல்பாதிய ஆரம்பிங்க. மாசி பங்குனில காட்டுப் பக்கமே போகாதீங்க, 2018 மார்ச்ல குரங்கணி தீ ஞாபகம் இருக்கும்ல, அதுக்கப்புறம்தான் மலையேத்தத்துக்குன்னு தனி விதியே வந்துச்சு.

வட்டக்கானல்வாசி:
எல்லாம் சரி ப்ரோ, ஆனா பாதைய நல்லா பண்ணிட்டா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? எங்க பக்கம் வந்து பாருங்க. எவனோ ரீல்ஸ் போடுவான், அடுத்த வாரம் பைக்கு வரும், அதுக்கடுத்து சிப்ஸ் கவர் வரும். பெரியகுளத்துல இருந்து மனுசங்க டோலிலயும் குதிரைலயும் ஏறி வந்த காலத்துப் பாதை எல்லாம் புதர் மண்டிக் கிடக்கிறதாலதான் மிச்சம் இருக்குன்னு எனக்குத் தோணுது.

ரசமட்டம்:
புதர் மண்டுனா காப்பாத்துறது இல்ல, தம்பி ஊர்ல மூட்டை எப்படி ஏறும்? பைக்கை நிறுத்தணும்னா பாதைய அகலப்படுத்தாதீங்க, சுமையோட குதிரை போற அளவோட நிறுத்துங்க, திருப்பத்துல கல்லுப்படி போடுங்க. ரீல்ஸுக்கு என்கிட்ட மருந்து இல்லப்பா.

காபிப்பூ:
பசங்களா, அட்டைக்கு உப்பும் வேப்பெண்ணெயும் எடுத்துக்கோங்க. காலைல எட்டு மணிக்கு முன்னாடி இறங்காதீங்க, ஓடைப் பக்கம் காட்டுமாடு நிக்கும். கல்லு உருட்டும்போது கீழ ஆள் இருக்கான்னு குரல் குடுத்துட்டு உருட்டுங்க. குதிரைக்காரங்களை கூப்பிட்டீங்களா? எந்த இடத்துல குதிரை தயங்குதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

மலைவாழை:
குதிரைக்காரரை கூப்பிடவே தோணலை அக்கா, சாயங்காலம் போய் பாக்குறேன். பண்ணைக்காட்டு அண்ணே, திங்கக்கிழமை விஏஓ ஆபீஸ் போறோம். ரசமட்டம் அண்ணே ஒரு சந்தேகம், பாதை ரெண்டு பக்கமும் மேடா இருக்கிற இடத்துல தண்ணி வெளிய போக வழியே இல்ல, அங்க என்ன பண்றது?

ரசமட்டம்:
அந்தப் பள்ளத்துக்குள்ள தண்ணி இறங்குறதுக்கு முன்னாடியே மேல திருப்பி விடணும். மீறி இறங்குறதுக்கு ஓரமா ஒரு சாணு கால்வாய் வெட்டி, அடியில கல்லு பரப்பி, மேடு முடியற இடத்துல வெளிய விடுங்க. போட்டோ போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.