வாய் திறந்த பழைய சிறுத்தைத் தலை: வாயை மூடி வேறு தோரணையில் மாற்ற முடியுமா?

குன்னூர் மருமகள்:
வணக்கம். எங்கள் ஹாலில் பாடம் செய்த சிறுத்தைத் தலை ஒன்று மாட்டியிருக்கிறது. கணவரின் தாத்தா தேயிலை எஸ்டேட்டில் இருந்த காலத்தில் வந்தது. பலகைக்குப் பின்னால், அந்தக் காலத்தில் விலங்குகளைப் பாடம் செய்து தந்த மைசூர் வான் இங்கன் நிறுவனத்தின் லேபிள் பாதி கிழிந்த நிலையில் இருக்கிறது. வாயைப் பிளந்து, மூக்கைச் சுருக்கி, உறுமுகிற தோரணை. என் சின்னவள் ராத்திரி அந்தப் பக்கமே போக மாட்டேன் என்கிறாள். சமீபத்தில் மாமனார் காலமான பிறகு வீடு எங்கள் பொறுப்புக்கு வந்துவிட்டது. தூக்கிப் போட மனசில்லை. வாயை மூடி, அமைதியாகப் பார்ப்பதுபோல் மாற்ற முடியுமா? ஒருவரிடம் கேட்டதில், "தோலை உரித்து ஊறவைத்து, புது ஃபோம் அச்சில் மாட்டித் தருகிறேன்" என்றார். இடது வாயோரம் வெடித்திருக்கிறது, நாக்கில் பெயிண்ட் உதிர்கிறது, காதடியில் வெள்ளையாக ஏதோ பொடி. என்ன செய்யலாம்?

சுளுக்கி:
செய்யலாம் அக்கா. அமெரிக்காவில் மான் தலைகளுக்கு இதெல்லாம் சர்வசாதாரணம், வீடியோ நிறைய இருக்கிறது. உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் தோல் இளகிவிடும். பழைய அச்சைக் கழற்றிவிட்டு, ரெடிமேடாக விற்கிற பாலியூரித்தேன் அச்சில் மாட்டுகிறார்கள். முகத்தை இடமாகவும் திருப்பலாம், வலமாகவும் திருப்பலாம்.

பழைய மியூசியம்காரன்:
தம்பி, நீங்கள் பார்த்த வீடியோவில் அந்த மான் தோலுக்கு என்ன வயசு, எப்படிப் பதனிட்டது என்று பாருங்கள். முறையாகப் பதனிட்டு, பத்து இருபது வருஷம் ஆன தோல் என்றால் நீங்கள் சொல்வது சில சமயம் நடக்கும். இது அப்படி இல்லை. படிகாரமும் உப்பும் போட்டுப் பதப்படுத்தி, சுவரில் பல பத்தாண்டு காய்ந்த தோல். இந்த வயசுத் தோலில் அமிலம் ஏறி, உள்ளே நார்கள் அறுந்து கிடக்கும். பச்சைத் தோலைச் சுடுநீரில் போட்டால் ஏறக்குறைய 65 டிகிரியில் சுருளும். நைந்த பழந்தோல் அதைவிட எவ்வளவோ குறைந்த சூட்டிலேயே சுருண்டு, பிசுபிசுவென்று கோந்துபோல ஆகிவிடும். ரொம்ப மோசமானதென்றால் வெறும் தண்ணீர் பட்டாலே போச்சு. அப்புறம் முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வரும். அதைத் திரும்ப ஒட்ட எவராலும் முடியாது.

வாய்க்கு வருவோம். உறுமுகிற முகத்தில் மூக்குமேல் அந்த மடிப்புகள் இருக்கின்றனவே, தோல் ஈரமாக இருக்கும்போதே அவற்றை அச்சின் பள்ளங்களில் அழுத்தி, ஊசி குத்தி, காயவிட்டிருப்பார்கள். காய்ந்ததும் அதுதான் தோலின் வடிவம். வாயை மூட வேண்டுமானால் உதட்டின் உள்தோலை மடித்து இடுக்கில் சொருக வேண்டும். பழைய திறந்த வாய்த் தலைகளில் அந்த உள்தோல் முழுசாக இருக்குமா என்பதே சந்தேகம். மெழுகோ பிளாஸ்டரோ வைத்துப் பூசி, பெயிண்ட் அடித்து உதடு மாதிரி காட்டியிருப்பார்கள். உங்கள் இடது வாயோரத்தில் வெடித்திருப்பது தோலா, பூச்சா? டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். விளிம்பில் முடி வேர் தெரிந்தால் தோல். வழவழவென்று வெள்ளை அடிப்பாகம் தெரிந்தால் பூச்சு.

இன்னொன்று. காதடிப் பொடியைக் கையால் தொடாதீர்கள். அந்தக் காலத்தில் பாடம் செய்தவர்கள் பூச்சி வராமல் இருக்க ஆர்சனிக் சோப்புத் தடவுவது வழக்கம். தையல், கண்ணோரம், காதடியில்தான் அது வெள்ளையாகப் பூத்து வரும். எல்லாப் பொடியும் ஆர்சனிக் இல்லை, பூஞ்சையாகவும் இருக்கலாம், குன்னூர் ஈரத்துக்குக் கேட்கவே வேண்டாம். ஆனால் சோதித்துப் பார்க்கும்வரை விஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆள் ஊறவைத்தால் அத்தனையும் தண்ணீரில் கரையும். அந்தத் தண்ணீரை எங்கே கொட்டுவார் என்று கேட்டீர்களா?

கோர்ட் வாசல்:
தோரணை அப்புறம். முதலில் காகிதம். சிறுத்தை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக அதிகப் பாதுகாப்புள்ள பட்டியலில், இருக்கிறது. உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா? வாரிசாக வந்தது என்றால், வந்த 90 நாளுக்குள் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கு நீங்கள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பலர் இதைக் கோட்டை விடுகிறார்கள். அந்த "ஒருவர்" யார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் முதல் அட்டவணை விலங்குகளைப் பாடம் செய்வதைத் தொழிலாக நடத்த 49பி பிரிவு தடை போட்டிருக்கிறது. தலையை வண்டியில் ஏற்றி அனுப்பவும் அனுமதி வேண்டும். வனத்துறை அடையாளக் குறி போட்டிருந்தால் அதை அழிப்பதும் குற்றம். தோலை உரித்தால் குறி எங்கே மிஞ்சும்?

குன்னூர் மருமகள்:
சார், பீரோவைக் குடைந்ததில் மாமனார் பெயரில் சான்றிதழ் கிடைத்தது. 90 நாள் இன்னும் முடியவில்லை, நல்லவேளை. ஊட்டி வன அலுவலகத்துக்கு இந்த வாரமே போகிறோம். மியூசியம் ஐயா, டார்ச் அடித்துப் பார்த்தேன். வெடிப்புக்குள் வெள்ளைதான் தெரிகிறது, முடி வேர் இல்லை.

கோர்ட் வாசல்:
சான்றிதழ் நகலோடு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, நான்கு பக்கமும் எடுத்த போட்டோ எல்லாம் கொண்டுபோங்கள். வீட்டில் வைத்துக்கொள்ளவே வேண்டாம் என்று முடிவெடுத்தால் 42ஏ பிரிவில் அரசிடமே ஒப்படைக்கலாம். 2022 திருத்தத்தில் வந்தது. பணம் எதுவும் கிடைக்காது, தலைவலி குறையும்.

சிகாகோ சீனு:
பழசைப் புதுத் தோரணைக்கு மாற்றியதற்கு எங்கள் ஊர் ஃபீல்ட் மியூசியத்தில் பேர்போன உதாரணம் உண்டு. 1898-ல் கென்யாவின் சாவோவில் ரயில் பாலம் கட்டிய தொழிலாளர்களைத் தின்ற இரண்டு சிங்கங்கள். அங்கே வேலை செய்தவர்களில் நிறையப் பேர் நம் நாட்டிலிருந்து போனவர்கள். பாலம் கட்டும் பொறுப்பில் இருந்து, அவற்றைச் சுட்டுக் கொன்ற பாட்டர்சன் அந்தத் தோல்களைக் கால் நூற்றாண்டு தரைவிரிப்பாகப் போட்டு வைத்திருந்தார். 1924-ல் 5,000 டாலருக்கு மியூசியம் வாங்கி, முழு உருவமாகப் பொருத்தியது. ஒன்று நிற்கிறது, ஒன்று படுத்திருக்கிறது. ஆனால் நேரில் பார்த்தால் "இதுவா அது?" என்று தோன்றும். விரிப்புக்காகத் தோலை வெட்டிச் சீவியிருந்ததால் உருவம் அசலைவிடச் சின்னதாகத்தான் வந்தது. அவ்வளவு பெரிய மியூசியத்துக்கே இருக்கிற தோலை வைத்துத்தான் சமாளிக்க முடிந்தது.

பழைய மியூசியம்காரன்:
சரியாகச் சொன்னீர்கள் சீனு.

அம்மா, வெடித்திருப்பது பூச்சு என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. தோலைத் தொடாமலே சரிசெய்யலாம். அருங்காட்சியகப் பொருட்களைப் பழுதுபார்க்கிறவர் யாராவது வீட்டுக்கே வந்து, ஜப்பானியக் காகிதத்தை (மெல்லிசான, உறுதியான நார்க் காகிதம்) சின்னச் சின்னதாகக் கிழித்து, திரும்ப எடுக்கக்கூடிய பசையால் வெடிப்பில் ஒட்டி, மேலே நிறம் கொடுப்பார். நாக்குக்கும் அதேதான். கடையில் கிடைக்கிற எனாமல் பெயிண்டை மட்டும் அடித்துவிடாதீர்கள், பளபளவென்று லாலிபாப் சாப்பிட்ட வாய் மாதிரி ஆகிவிடும். அவரை வரச்சொல்லும் முன் ஊட்டி அலுவலகத்தில் ஒரு வார்த்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

தோரணை மாறாது. பார்க்கிற கோணத்தை மாற்றலாம். இப்போது எவ்வளவு உயரத்தில் மாட்டியிருக்கிறீர்கள்?

குன்னூர் மருமகள்:
கதவு நிலைக்கு மேலே ஐயா. ஹாலுக்குள் நுழைந்ததும் நேர் எதிரில்.

பழைய மியூசியம்காரன்:
அதுதான் விஷயம். கீழிருந்து அண்ணாந்து பார்க்கிற குழந்தைக்கு மேல்வாயும் கோரைப் பற்களும்தான் தெரியும். பெரியவர்கள் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, யாரும் நடக்காத ஒரு மூலையில், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பாருங்கள். பலகைக்குப் பின்னால் மேல் பக்கம் ஆப்பு வைத்து முகத்தை லேசாகக் கீழே சாய்த்தால் நெற்றிப் புள்ளிகளும் கண்ணும்தான் முதலில் தெரியும், வாய் நிழலில் போய்விடும். பெட்டி இருந்தால் குழந்தை கைவைக்காது, பொடியும் வெளியே வராது, அந்துப்பூச்சியும் சட்டென்று ஏறாது. அடுப்புக்கும் ஜன்னல் வெயிலுக்கும் எட்டவே இருக்கட்டும்.

குன்னூர் மருமகள்:
இது தோணவே இல்லை ஐயா. கழற்றும் முன் தூசியாவது தட்டலாமா?

பழைய மியூசியம்காரன்:
தட்டாதீர்கள். வீட்டு வாக்குவம் கிளீனரும் வேண்டாம், அது நுண்பொடியை அறை முழுக்க ஊதிவிடும். சின்னவளை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு, நைட்ரைல் கையுறையும் என்-95 முகக்கவசமும் போட்டுக்கொண்டு, தலையைப் பழைய பெட்ஷீட்டில் மூடி அப்படியே இறக்குங்கள். இரண்டு பேர் பிடியுங்கள், பலகை கனக்கும். காதையோ தாடையையோ பிடித்துத் தூக்க வேண்டாம். அந்த பெட்ஷீட்டை மற்ற துணிகளோடு துவைக்காதீர்கள், பிளாஸ்டிக் பையில் கட்டித் தனியாக வையுங்கள். பொடியைச் சோதித்த பிறகு அதை என்ன செய்வதென்று பார்க்கலாம்.