புதுப்பிப்பு: சிரட்டைக்கரி அடுப்பு புகைந்ததன் காரணம் தெரிந்தது

இலங்கையின் 2022 சமையல் எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது வாங்கிய, அடியில் சிறு விசிறி பொருத்திய சிரட்டைக்கரி அடுப்பு தணல் பிடிக்காமல் புகைவதைப் பற்றிச் சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. விசிறியை மாற்றத் தேவைப்படவில்லை. காற்றுத் துளைகளைப் பார்க்கச் சொன்ன அண்ணரின் யோசனையே சரியாக இருந்தது. அடுப்பு முற்றாக ஆறிய மறுநாள் காலை, மின்னிணைப்பைக் கழற்றிவிட்டுத் தட்டைத் தூக்கிப் பார்த்தபோது, கொழும்பு வெள்ளவத்தைக் கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சிய சாம்பல், துளைகளில் பாதிக்கு மேல் சீமெந்துபோல இறுகிக் கிடந்தது. தண்ணீர் படாமல், மெல்லிய கம்பியால் குத்தி, பழைய பல்துலக்கியால் தேய்த்தெடுத்தேன். விசிறி இதழ்களையும் உலர்ந்த துணியால் துடைத்தேன். நான் எதிர்பாராதது, அதன் பின்னரும் சற்றுப் புகைந்ததுதான். கரி மூட்டையும் ஈரமாக இருந்திருக்கிறது! இரண்டு நாள் வெயிலில் உலர்த்திய பிறகே புகை நின்றது. இப்போது ஒவ்வொரு சமையலுக்கு முன்னும் பழைய சாம்பலைக் கொட்டிவிடுகிறேன். அடுப்பை வழக்கம்போலத் திறந்த பல்கனியில் மட்டுமே மூட்டுகிறேன்.