ஐசோனியாசிட்டைக் கணினியில் உருவகப்படுத்த எந்த மாதிரி ஏற்றது?

தரமணி மாணவி:
அனைவருக்கும் வணக்கம். சென்னையில் எம்.ஃபார்ம் இறுதியாண்டு படிக்கிறேன். காசநோய் மருந்தான ஐசோனியாசிட் 300 மி.கி. மாத்திரையை விழுங்கியபின் இரத்தத்தில் அதன் செறிவு எப்படி ஏறி இறங்குகிறது என்பதைக் கணினியில் உருவகப்படுத்துவதே என் ஆய்வேடு. உடலை ஒரே அறையாகக் கொள்ளும் எளிய மாதிரி போதுமா, அல்லது கல்லீரல், குடல், சிறுநீரகம் ஆகியவற்றைத் தனித்தனியே அவற்றின் இரத்த ஓட்டத்தோடு சேர்த்துக் கட்டும் உடலியங்கியல் மாதிரி வேண்டுமா? வழிகாட்டிப் பேராசிரியர் இரண்டாவதையே விரும்புகிறார். அதற்குத் தேவையான எண்களின் பட்டியலைப் பார்த்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
எளிய மாதிரியிலேயே தொடங்குங்கள். உறிஞ்சல் வேகம், பரவல் கன அளவு (மருந்து உடலில் எவ்வளவு கன அளவில் பரவியதாகக் கொள்கிறோம் என்பது), வெளியேற்ற வீதம் ஆகிய மூன்று எண்கள் போதும். ஆனால் யாருடைய வெளியேற்ற வீதத்தை இடப்போகிறீர்கள்? இம்மருந்தை அசெட்டைலேற்றம் செய்து, அதாவது அசெட்டைல் என்னும் சிறு வேதித் தொகுதியை அதனோடு சேர்த்து, செயலிழக்க வைக்கும் என்ஏடி2 நொதி, மரபணுவைப் பொறுத்துச் சிலரிடம் விரைவாகவும் சிலரிடம் மெதுவாகவும் இயங்குவதால், மருந்தின் அளவு பாதியாகக் குறைய விரைவானவர்களுக்கு ஏறத்தாழ 1 மணி நேரமும் மெதுவானவர்களுக்கு ஏறத்தாழ 3 மணி நேரமும் ஆகின்றன. 12 மணி நேரத்தில் முன்னவரிடம் 4,096-இல் ஒரு பங்கும் பின்னவரிடம் 16-இல் ஒரு பங்கும் எஞ்சும். சராசரியாக 2 மணி நேரம் என்று வைத்தால் விடை 64-இல் ஒரு பங்கு; அது இருவருக்குமே பொருந்தாது. ஆகவே ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே கற்பனை நோயாளிகளை உருவாக்கி ஓட்டுங்கள்.

சேத்துப்பட்டு மருத்துவர்:
இந்த வேறுபாடு நம் ஊரிலேயே ஆராயப்பட்டது. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம்தான் இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். வாரம் ஒருமுறை மட்டும் மருந்து தந்த முறைகளில், அதை விரைவாகச் செயலிழக்கச் செய்வோருக்குப் பலன் குறைந்தது. தினமும் தந்தபோது அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை. உங்கள் மாதிரி இவ்விரு முறைகளையும் ஓட்டி இதே போக்கைக் காட்டுகிறதா என்று பாருங்கள். அழகான வளைவு ஒன்றை வரைவதைவிட அதுவே கடினமான சோதனை. உறிஞ்சல் வேகத்தையும் மாறா எண்ணாகக் கொள்ள வேண்டாம். வெறும் வயிற்றில் விழுங்குவதைவிட இட்லி சாப்பிட்டபின் விழுங்கினால் உச்சச் செறிவு குறையும்.

தரமணி மாணவி:
மிக்க நன்றி, டாக்டர். அப்படியானால் உடலியங்கியல் மாதிரியே தேவையில்லை என்று பேராசிரியரிடம் சொல்லிவிடலாமா?

கணக்குப்பிள்ளை:
அவசரப்பட வேண்டாம். அவர் கேட்பதிலும் பொருள் உண்டு. கைக்குழந்தைகளிடம் என்ஏடி2 நொதி முழு வளர்ச்சி அடைந்திருப்பதில்லை. பெரியவர்களின் வளைவை எடைக்கேற்பச் சுருக்கினால் குழந்தைகளுக்குத் தவறான அளவே கிடைக்கும். அத்தகைய கேள்விக்குத்தான் உறுப்புகளையும் நொதியின் வளர்ச்சியையும் உள்ளடக்கிய மாதிரி வேண்டும். பிகே-சிம் என்னும் திறமூல மென்பொருளில் அதைக் கட்டணமின்றிச் செய்யலாம். உங்கள் ஆய்வேடு பெரியவர்களைப் பற்றியது மட்டும்தானா என்பதை முதலில் அவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். எந்த மாதிரியை எடுத்தாலும், எண்களைப் பொருத்தப் பயன்படுத்திய தரவைக் கொண்டே அதைச் சரிபார்க்காமல், வேறொரு நோயாளிக் குழுவின் அளவீடுகளைத் தனியே ஒதுக்கி வையுங்கள்.